தபசு மரத்துப் பழம்

வெள்ளிமலை
28.3.2019

தங்கச்சி அமிர்தத்துக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று தெரியும். அதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை. உன் போனுக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. நான் வந்து தங்கியிருக்கிற பழனி வீட்டில் டவர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பஸ் நிற்கிற இடம் வரை நடந்து வந்து அடிக்கிறேன். ஒரு மணிகூட அடிக்காமல் கட்டாகிறது. என் நம்பரை பிளாக் செய்தது நீயா, மாப்பிள்ளையா? நீ என்றால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. மாப்பிள்ளை என்றால் மேலே படி. கச்சிராயபாளையம் தையல்கார தைலம்மாள் பேருக்கு அனுப்புகிறேன். ஜாக்கெட் வாங்குகிற சாக்கில் போய் வாங்கிக்கொள்.

மார்க்கெட்டில் மரவள்ளி லோடு இறக்கிவிட்டு நிற்கிறேன், நம்ம சித்தப்பா வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில், "இந்த வருசம் திருவிழாவுல தபசு மரம் நம்ம பங்காளிப் பையன் அய்யனாரு ஏறட்டும்னு கோயில் கமிட்டில முடிவாயிடுச்சிப்பா. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்றார். ஏன் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மன்கிட்டயே பூ கேட்டுட்டாங்க. உனக்குச் செவப்புதான் வந்துதாம்" என்றார்.

அமிர்தம், கமிட்டி வேண்டாம் என்றால் கமிட்டியோடு மல்லுக்கு நிற்பேன். எனக்குப் பயமா? பின்னால் பேசுகிறவர்களையும் தெரியும், பேசுகிற பேச்சும் தெரியும். ஆனால் அம்மனே வேண்டாம் என்றால் நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது? மீசை முளைத்த வருஷத்திலிருந்து அந்தப் பனைமரத்தில் ஏறுகிறேன். கால் வைக்க அதில் அடிக்கிற முளை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். மாசியிலிருந்து கவுச்சி தொடவில்லை, இந்த மலைக் குளிரிலும் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். இவ்வளவுக்கும் பதில் ஒரு சிவப்பு அரளியா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொட்டலம் பிரித்தபோது நீ பார்த்தாயா? உன் கண்ணால்? வெள்ளையா, சிவப்பா? வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை, அவ்வளவுதான். அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்
ராஜாங்கம்


காட்டுக்கொட்டாய்
6.4.2019

அண்ணனுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? நிறைய இருக்கிறது எழுத.

உன் நம்பரை எடுத்தது உன் மாப்பிள்ளைதான். ஆனால் திரும்பப் போடத் தெரியாத அளவுக்கு நான் கைநாட்டு இல்லை. போடாமல் விட்டது நான். எனக்கு உன்மேல் கோபம், இன்னும் ஆறவில்லை.

திருக்கோவிலூருக்குப் பெண் பார்க்கப் போனோமே, உங்கள் இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பிவிட்டு நான் கீழே கேசரி தின்றுகொண்டிருந்தேன். நீ அந்தப் பெண்ணிடம், "எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், காபி ஆறுவதற்குள். கூடப்பிறந்தவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. அவள் அப்பா போன் போட்டு இவரிடம் கத்தினார். நான் பக்கத்தில் நின்று "இன்னாங்க, இன்னா சொல்றாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். அதுவும் குழாயடியில். பழனி எத்தனை தடவை நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான்! இன்னொரு கரண்டி குழம்பு என்று உரிமையாகக் கேட்பான், ஊற்றுவேன். சொல்லியிருந்தால் ஊற்றமாட்டேன் என்று நினைத்தாயா?

பூ கேட்ட அன்று பெண்கள் யாரையும் உள்ளே விடவில்லை. பொட்டலம் எடுக்கக் குழந்தை வேண்டுமே, நம் கனியைத்தான் இவர் தூக்கிக்கொண்டு போனார். வந்ததும் "செவப்பு" என்றார். கனி வாயே திறக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

இந்த வருஷத் திருவிழா முன்பு மாதிரி இல்லை அண்ணா. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிறதாம், நம் தபசைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வருகிறார்களாம். ரோட்டுக்கு மேலே "நமது மண் நமது பாரம்பரியம்" என்று இப்போதே பேனர் கட்டிவிட்டார்கள். "ஊரே பாக்கும், மானமா ஒருத்தன் ஏறட்டும்" என்று கமிட்டியில் பேச்சு. இவரும் அந்தக் கமிட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வரவில்லை.

கேட்க வாய் கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். அய்யனாருக்குப் பாட்டு தெரியவில்லை. முளைக்கு ஒரு அடி பாடிக்கொண்டே ஏற வேண்டிய பாட்டு அப்பாவுக்குப் பிறகு உன் வாயில்தான் இருக்கிறது. போனில் பிடித்த வீடியோவில் பம்பைச் சத்தம்தான் கேட்கிறது. உன்னிடம் எழுதி வாங்கித் தரச் சொல்கிறார்கள். அவனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லாததால், மரத்தடியில் குடத்தோடு நின்று "இறங்கி வா" என்று கூப்பிட்டுக் கால் கழுவுகிற முறையையும் என்னையே செய்யச் சொல்கிறார்கள். அக்கா முறைதானே என்கிறார் இவர். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த ஒரு வருஷம் மலையிலேயே இருந்துவிடேன். எல்லாம் அடங்கட்டும்.

கனி சொல்கிறாள், அவளை எலுமிச்சி என்று கூப்பிட இப்போது யாரும் இல்லையாம்.

அமிர்தம்


வெள்ளிமலை
14.4.2019

அமிர்தம்,

வருஷப்பிறப்பும் அதுவுமாகச் சண்டை போடக்கூடாது என்று பழனி சொன்னான். போடாமல் இருக்க முடியவில்லை.

பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாம். குடம் பிடிக்கத் தங்கச்சி வேண்டும், அண்ணன் வேண்டாம். இதற்குப் பேர் பாரம்பரியமா? அந்த பேனரை யார் எழுதினானோ அவனையே பாட்டையும் எழுதச் சொல்.

இன்னும் நாலு நாளில் சித்திரா பவுர்ணமி. இதே கமிட்டிக்காரர்கள் வேன் பிடித்துக் கூவாகம் போவார்கள். அங்கே திருநங்கைகளிடம் கையேந்தித் திருநீறு வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்கட்டும், நல்லதுதான். நான் அவர்களைப் போல இல்லை, என் விஷயம் வேறு. ஆனால் அடுத்த ஊர் என்றால் பக்தி, நம் தெரு என்றால் மானக்கேடா? எனக்கு இது விளங்கவே இல்லை.

இன்னொன்றும் கேள். நான் மேலிருந்து போட்ட எலுமிச்சம்பழத்தை மடியில் வாங்கியவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் நம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கமிட்டித் தலைவர் வீட்டிலேயே ஒரு பேரன் இருக்கிறான். அப்புறம் நம் கனி. எத்தனை வைகாசி நீ ஈரச் சேலையோடு அந்த மரத்தடியில் நின்றாய். கடைசியில் உன் மடியைப் பார்த்துத்தானே போட்டேன், மறுவருஷம் எலுமிச்சி வந்தாள். அன்றைக்கும் நான் இப்படித்தான் இருந்தேன், அமிர்தம். அந்த வருஷம் பழனி கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கை மானமில்லாத கை என்றால், பிள்ளைகளை என்ன செய்யப் போகிறார்களாம்? மாப்பிள்ளையிடம் கேள்.

நீ கேட்டதற்குப் பதில். சொல்ல வந்தேன். போன தீபாவளிக்கு நீ அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாய், சொல்லிவிடலாம் என்று அடுப்படியில் வந்து உட்கார்ந்தேன். "உனக்கு ஒருத்தி வந்துட்டா எனக்கு நிம்மதி" என்றாய். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் சொன்னேன் என்றால், அவளைக் கட்டி ஏமாற்ற மனசு வரவில்லை. இது குற்றமில்லை என்று கோர்ட் சொன்ன அன்று பழனி போனில் காட்டிச் சிரித்தான். கோர்ட் டில்லியில் இருக்கிறது, கமிட்டி நம் ஏரிக்கரையில் இருக்கிறது.

பாட்டு தரமாட்டேன்.

ராஜாங்கம்


காட்டுக்கொட்டாய்
24.4.2019

அண்ணனுக்கு,

கனியை இதில் இழுக்காதே என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். அதற்குள் நானே இழுத்துவிட்டேன். நீ எழுதியதை நான் கேட்கிற மாதிரி இவரிடம் கேட்டேன். "பழம் குடுத்தது அம்மன், அவன் இல்ல" என்றார். "அப்ப கை யாருதா இருந்தா இன்னா?" என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். உன் மாப்பிள்ளை பச்சமுத்துவுக்குப் பதில் தெரியாவிட்டால் பசி போய்விடும், உனக்குத் தெரியாதா.

இப்போது எழுதுவது அவருக்காக இல்லை, கமிட்டிக்காகவும் இல்லை.

அய்யனார் மரத்தில் பழகுகிறான். நேற்று பாதியில் கால் நழுவி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே சரிந்து வந்தான். நெஞ்சு வயிறு எல்லாம் சிராய்ப்பு. மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டேன். "அண்ணன் எப்டிக்கா ஏறிச்சி? மேல போகப் போக மூச்சு முட்டிக்கினு வருது, கண்ணக் கட்டுது" என்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. சொன்னால், "உனக்கும் ராஜாங்கத்துக்கும் இன்னா வித்தியாசம்" என்று கேட்பார்களாம். கேட்கட்டுமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். போகும்போது, "அண்ணன் ஒரு நாளு வந்து காட்டிக் குடுத்துட்டுப் போகாதா?" என்றான்.

உனக்கு உன் கோபம் பெரிதா, அவன் உயிர் பெரிதா என்று நான் கேட்க மாட்டேன். உன்னை எனக்குத் தெரியும்.

என் கோபம் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது. அதிரசம் சுட்ட அன்று நீ வந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடன் கேட்க வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாய்.

அமிர்தம்


வெள்ளிமலை
1.5.2019

அமிர்தம்,

தனித்தாளில் பாட்டு இருக்கிறது. அய்யனார் கையில் மட்டும் கொடு.

அவனிடம் சொல். பாட்டு அம்மனுக்கு மட்டும் இல்லை, மூச்சுக்கும்தான். ஒரு முளையில் நின்று ஒரு அடியை முழுதாகப் பாடி முடித்த பிறகுதான் அடுத்த காலை எடுக்க வேண்டும். பாட்டை விழுங்கிவிட்டுக் காலை வைத்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். அதுதான் அவனுக்கு நடக்கிறது. கீழே பார்க்காதே என்று சொல்வார்கள், அது பொய். பார்க்கலாம். ஆனால் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. நமக்கு வேண்டியவர் ஒருத்தர் எங்கே நிற்கிறார் என்று ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். நான் யாரைப் பார்த்தேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டாம், அவனே புரிந்துகொள்வான்.

பழத்தையெல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசி அடி. "ஏறிவந்தேன் தாயே, இறங்கச் சொல்லுவார் ஆரு." இதற்குக் கீழே இருந்து பதில் வராமல் இறங்கக் கூடாது. அது உன் வேலை. போய் நில். அவனை அங்கேயே தொங்கவிடாதே.

என் கதையைக் கேட்டால், கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சாமை விதைக்கக் கொல்லையை உழும்போது பாதியில் ஏரை விட்டுவிட்டு ரோட்டுக்கு வருகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பிப் போகிறேன். பஸ் வந்தால் யாராவது நம் ஊர் ஆள் இறங்குகிறார்களா என்று பார்க்கிறேன். இறங்கினால் மறைந்துகொள்கிறேன். நேற்று பழனி அம்மா கோழி அடித்தார்கள். சாப்பிட்டேன். விரதம் இருந்து யாருக்கு? வேண்டாம் என்று சொன்னவளுக்கா? சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்துவிட்டது, அது வேறு.

பழனி தன் ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூர் போகலாம் என்கிறான். பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறதாம். அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூட யாருக்கும் தெரியாதாம். திருவிழா முடிந்ததும் போய்விடுகிறோம். மனுஷர்கள் போ என்று சொன்னால் போகாமல் இருப்பேன். அம்மன் சொன்ன பிறகு, மலைமேல் உட்கார்ந்து ஊர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம். இனி திரும்பி வருவதாக இல்லை. கனியைப் பார்த்துக்கொள்.

ராஜாங்கம்


காட்டுக்கொட்டாய்
10.5.2019

அண்ணா,

திருப்பூருக்குப் போகாதே. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

ஊரெல்லாம் கண்வலி. கனிக்கும் வந்து கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. சொட்டு மருந்து விடக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அழுகிறாள். இழுத்தால் வரவில்லை. நானும் அடியில் நுழைந்து படுத்துக்கொண்டேன். தேம்பித் தேம்பிச் சொல்கிறாள்: "நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. சொன்னாதான சாமி கண்ணக் குத்தும்னாங்க. சொல்லாமயே ஏம்மா குத்துது?"

எதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெள்ளப் பூ. மாமாவுக்கு ரெண்டு தபாவும் வெள்ளப் பூதான் எடுத்தேன்" என்றாள்.

இரண்டு தடவையும், அண்ணா.

அவர் வயலிலிருந்து வந்ததும் குழந்தையை முன்னால் நிறுத்திக் கேட்டேன். மறுக்கவில்லை. முதல் தடவை வெள்ளை வந்ததும் பொட்டலம் சரியாக மடிக்கவில்லை என்றார்களாம். மறுபடி மடித்துப் போட்டு, மறுபடி கனியை எடுக்கச் சொன்னார்களாம். மறுபடி வெள்ளை. அப்புறம் தலைவர், "இதெல்லாம் அம்மன்கிட்ட கேக்கற விசயமே இல்ல, நாம முடிவு பண்றது" என்றாராம்.

"அப்ப ஏன் செவப்புன்னு சொன்ன?" என்றேன். முதல் தடவையாக அவரை நீ என்று பேசினேன். "செவப்புன்னு சொன்னாதான் உங்கண்ணன் அடங்குவான். வேற எதுக்கும் அடங்க மாட்டான்" என்றார். உன்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். குழந்தையைப் பயமுறுத்தியது யார் என்று கேட்டேன். அன்று இரவு அவரே கனிக்கு மருந்து விட்டார். ஆனால் வெளியே வந்து சொல்ல மாட்டார். ஊரைப் பகைக்க அவருக்குத் தெம்பு இல்லை.

உன் பாட்டில் கடைசி அடிக்குப் பதில் சொல்வது என் வேலை என்று எழுதியிருந்தாய். இப்போதே சொல்கிறேன். இறங்கி வா அண்ணா. கூப்பிட வேண்டியவள் கூப்பிடுகிறேன். வேறு யார் காலுக்கும் நான் தண்ணீர் ஊற்றப் போவதில்லை.

அமிர்தம்


வெள்ளிமலை
14.5.2019

எலுமிச்சியின் அம்மாவுக்கு,

இரண்டு தடவையுமா? நிஜமாக? கடிதத்தை பஸ் நிற்கிற இடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டேன். கண்டக்டர், "இன்னாய்யா, லாட்டரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இத்தனை நாளும் நான் அம்மனைத் திட்டிக்கொண்டிருந்தேன், அமிர்தம். ஒரு மணி நேரமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழனி அம்மாவிடம் இனிக் கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வருகிறேன், மரம் ஏற இல்லை. அய்யனார் காப்புக் கட்டிவிட்டான், அதை அவிழ்க்கச் சொன்னால் அவனுக்கு அது அவமானம். கீழே கூட்டத்தோடு நிற்கிறேன், பழனியும் நானும். அவன் கீழே பார்க்கும்போது நான் நிற்கிறது தெரிந்தால் போதும். திருவிழா அன்று காலையில் ஜீப்பில் இறங்குகிறோம். நீ எங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம், குடத்தோடு உன் இடத்தில் நில்.

கனியிடம் சொல், அவள் பொய் சொல்லவில்லை, அதனால் கண் சீக்கிரம் ஆறிவிடும் என்று.

ராஜாங்கம்


காட்டுக்கொட்டாய்
22.5.2019

அண்ணா,

நீ வந்து திரும்பிப் போனது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அணைக்கட்டு வளைவில் நம் ஊர் ஆட்கள் ஜீப்பை மறித்து, பழனியின் சட்டையைக் கிழித்தார்களாமே. அவனுக்கு அடி பட்டதா? அதை முதலில் எழுது. நீ கையை ஓங்கவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய் என்று சொன்னார்கள். உன் குணத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அழுதேன்.

நான் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டே நின்றேன். குடத்தைக் கொண்டுபோயிருந்தேன், ஆனால் முன்னால் போகவில்லை, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றேன். அய்யனாருக்குப் பூ விஷயத்தை நான் முன்பே சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு நேரே மரத்தில் பழகப் போய்விட்டான்.

டிவிக்காரர்கள் அவன் மாலைக்குள் ஒரு சின்ன மைக்கைச் சொருகிவிட்டார்கள், பாட்டு நன்றாக விழ வேண்டும் என்று; கோயில் ஸ்பீக்கருக்கும் அதே மைக்தான். நன்றாகவே விழுந்தது. நீ சொன்ன மாதிரி அடிக்கு ஒரு கால், அவசரமே இல்லை. பாதியில் நின்று கீழே பார்த்தான். உன்னைத் தேடுகிறான் என்று தெரிந்தது. நான் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். மேலே ஏறினான்.

மரத்து உச்சியில் கட்டிய பரணில் உட்கார்ந்து பழக்கூடையை எடுத்ததும் பம்பையை நிறுத்தினார்கள். அவன் பழத்தைப் போடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தான். "இந்தப் பாட்டு எங்க ராஜாங்கம் அண்ணன் எழுதி அனுப்பிச்ச பாட்டு. அம்மன் ரெண்டு தபாவும் வெள்ளப் பூவ அவருக்குத்தான் குடுத்தா. செவப்புன்னது பொய்யி. நான் அவரு எடத்துலதான் குந்தியிருக்கேன். இது அவரு போடற பழம். வேணும்ங்கறவங்க மடியப் புடிங்க."

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்க ஓடினார்கள், அதற்குள் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. மேலே போய் அவனை யார் பிடிப்பது? கமிட்டித் தலைவர் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். மரத்தைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் முந்தானையை உதறிக்கொண்டு விலகிப் போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ரங்கம்மாள் மருமகள் மட்டும் தலைவரைத் திரும்பியே பார்க்காமல் மடியை விரித்தாள். விடிகாலையிலிருந்து ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறவளுக்குக் கமிட்டியா முக்கியம்? அவளைப் பார்த்து இன்னும் சிலர் விரித்தார்கள். அய்யனார் போட்டான்.

கடைசி அடியை மைக் இல்லாமல்தான் பாடினான். இறங்கச் சொல்லுவார் ஆரு. யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் குடத்தோடு முன்னால் நடந்தேன். வேறு யார் காலுக்கும் ஊற்ற மாட்டேன் என்று உனக்கு எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தக் கால் அப்போது வேறு யாருடையதாகவும் எனக்குத் தெரியவில்லை. வழியில் உன் மாப்பிள்ளை நின்றார். நகர மாட்டார் என்று நினைத்தேன். அரை அடி நகர்ந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. "நான் இருக்கேன், இறங்கி வாப்பா" என்றேன். தொண்டை கிழிய.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அடுத்த வருஷம் வெளியூர் ஆளை வைத்து ஏற்றப் போகிறார்களாம். அய்யனாரும் வேண்டாம், நானும் குடம் பிடிக்க வேண்டாம், நம் வகையறாவே வேண்டாமாம். டிவியில் பேனரும் பனைமரமும் வந்தன, பேச்சை வெட்டிவிட்டார்கள். இரண்டு வீடுகளில் என்னோடு பேசுவதில்லை. பேசாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலமானால் கனியோடு விளையாட இங்கேதான் வருகின்றன.

அய்யனார் ஒரு பழத்தை மட்டும் போடாமல் இடுப்பில் செருகி எடுத்து வந்தான். "அண்ணனுக்கு" என்று என் கையில் கொடுத்தான். தபாலில் போட்டால் நசுங்கிவிடும். கொண்டுவருவதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன். யார் என்று பார்த்தால் நீ கதவைச் சாத்திவிடாதே.

அமிர்தம்


வெள்ளிமலை
27.5.2019

அமிர்தம்,

பழனிக்குச் சட்டைதான் போனது. உதடு கொஞ்சம் வீங்கியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. புதுச் சட்டை எடுத்துத் தரச் சொல்லித் தொல்லை பண்ணுகிறான், வேறு குறை இல்லை.

நேற்று மத்தியானம் மாப்பிள்ளை பைக்கில் வந்தார். மலை ஏறி வந்ததில் வண்டி சூடாகிப் புகைந்துகொண்டிருந்தது, அவரும்தான். இறங்கவில்லை. பையை நீட்டி, "உங்க தங்கச்சி குடுத்தா" என்றார். பழனி டீ போடவா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினார், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு, "கனிக்குக் கண்ணு சரியாயிடுச்சி. உன்னத்தான் கேட்டுக்கினு இருக்கா" என்றார். அவ்வளவுதான். வளைவு திரும்புகிற வரை நின்று பார்த்தேன். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் இல்லை.

பழம் கொஞ்சம் வாடியிருந்தது. பழனி கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இத இன்னா பண்ணணும்?" என்றான். மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். "அப்ப வாங்கு" என்று ஜீப் மேலே ஏறி நின்றுவிட்டான். எனக்குச் சிரிப்பு. இத்தனை வருஷம் மேலே இருந்து போட்டவனுக்கு, கீழே எப்படி நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

முதல் தடவை தவறவிட்டேன். உருண்டு போய் வேலி ஓரம் கிடந்தது. எடுத்துத் துடைத்து மறுபடியும் கொடுத்தேன். அவன் உடனே போடவில்லை. மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் எனக்கு ஒரே யோசனை. எங்கே விழும், விழுமா, நமக்குத்தான் போடுகிறானா என்று. மேலே நின்று போடும்போது எனக்குத் தெரியவே இல்லை அமிர்தம், கீழே நிற்கிறவளுக்கு இவ்வளவு பயமாக இருக்கும் என்று. நீ அத்தனை வைகாசி நின்றாயே.

இரண்டாம் தடவை துண்டில் விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஜீப்பை விற்கவில்லை. என் நம்பரை உன் போனில் திரும்பப் போடு. நாளைக் காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து அடிக்கிறேன். முதலில் எலுமிச்சியிடம் கொடு.

அண்ணன்
ராஜாங்கம்